திம்பம் இறக்கத்தில் இரண்டாம் கியர்

மதிவதனி நான்கு வருடங்களாக அர்த்தநாரியோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. ஓசூரில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், காதில் ஹெட்போனோடு அவள் உட்கார்ந்திருப்பாள். அவர் சாம்ராஜ்நகருக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில் எங்கோ ஒரு லாரியில் உட்கார்ந்திருப்பார். லாரி தானாக ஓடும். அதில் உட்கார்ந்திருப்பது அவர் வேலை. அவர் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

லாரிகளிலிருந்து கியர் போய் அப்போது பதினைந்து வருடம் ஆகியிருந்தது. பேட்டரியில் ஓடும் மோட்டாருக்குக் கியரும் வேண்டாம், கிளச்சும் வேண்டாம். கொஞ்ச காலத்தில் ஸ்டியரிங்கும் வேண்டாமென்று ஆனது. ஆனால் மலைப்பாதைகளில் மட்டும் ஒரு மனிதனின் கட்டுப்பாடு இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. லாரிக் கம்பெனி பழைய டிரைவர்களைத் தேடிப் பிடித்து ஏற்றியது. துணையாள் என்று அவர்களுக்குப் பெயர். முதல் வருடம் அவர்களுக்குச் செய்ய எதுவும் இல்லை. ஒருவர், ஆசனூரில் லாரி சார்ஜ் ஏற நின்றபோது இறங்கிக் காட்டுக்குள் நடந்து போய்விட்டார். இன்னொருவர் சரக்கு இறக்கிய பிறகும் இரண்டு நாள் இருக்கையை விட்டு எழவில்லை. அதற்குப் பிறகுதான் கம்பெனி கியர் லீவரையும் கிளச்சையும் கொண்டுவந்தது.

இறக்கத்தில் வண்டியை மோட்டாரே இழுத்துப் பிடிக்கும், எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்பதை இந்த லீவர் சொல்லும் என்று துணையாட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கிளச்சை மிதித்து லீவரைத் தள்ளினால் மோட்டார் உறுமும், இருக்கை ஒரு தரம் குலுங்கும், கைக்குள் ஏதோ கவ்விக்கொண்ட மாதிரி இருக்கும். எந்த வளைவில் எந்தக் கியர் என்று ஓசூரிலிருந்து ஒரு பெண் குரல் சொல்லும்.

"அண்ணா, அடுத்த வளைவு. ரெண்டாவது."

"போட்டாச்சுங் அம்மிணி."

மதிவதனிக்கு அப்படி ஆறு லாரிகள். ஆறு பேரில் அர்த்தநாரிதான் அவளிடம் கேள்வி கேட்பவர். சாப்பிட்டாயா, நேற்றுப் பல்வலி என்றாயே டாக்டரைப் பார்த்தாயா, ஜன்னல் பக்கம் மழை பெய்கிறதா. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. லாரிக்காரனுக்குப் பெண் கொடுக்க அவர் ஊர்ப்பக்கம் யாரும் வரவில்லை, அப்புறம் வயது போய்விட்டது, அவ்வளவுதான் என்பார். அவளுக்குக் கல்யாணம் ஆகி முடிந்திருந்தது. முப்பத்தெட்டு வயதில், பதினோராவது மாடியில் இரண்டு அறைகளில் தனியாக இருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஹெட்போனைக் கழற்றினால் திங்கள் காலை வரை அவளிடம் பேச ஆள் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, கதவைத் தட்டிய கூரியர்காரரிடம் வாய் திறந்தபோது குரல் எழாமல் போனதுண்டு.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. திம்பம் மலையில் சாரல். அர்த்தநாரியின் லாரி மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"பச்சப்பயிறு கடையச் சொன்னீங்கல்ல அண்ணா, செஞ்சேன். அடி புடிச்சிடுச்சு. பாத்திரத்தையே தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் சிரித்தார். "பயித்த வறுத்துப்போட்டு வேக வெச்சீங்களா, இல்ல பச்சையாவேவா?"

"வறுக்கணுமா? அத நீங்க சொல்லவே இல்லையே. அண்ணா, வளைவு. ரெண்டாவது."

"போட்டாச்சு, போட்டாச்சு. வறுக்காம வெச்சா கொழ கொழன்னு..."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. திரையில் அவருடைய லாரி இருந்த இடம் சிவப்பானது. ஏதோ தேய்ந்து கிழிகிற சத்தம் கேட்டது. அப்புறம் கதவு திறக்கும் சத்தம், ஓடுகிற காலடிகள். லாரிக்குள் மழை கேட்டது. அவள், "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டபடியே இருந்தாள். நாற்பது நிமிடம் கழித்து யாரோ ஒரு போலீஸ்காரர்தான் பேசினார்.

பத்தொன்பதாவது வளைவில் லாரி சறுக்கி எதிர்ப்பக்கம் போய்விட்டது. மேலே ஏறிவந்த மோட்டார் சைக்கிளைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. பைக்கில் வந்தவர் தாளவாடிப் பக்கத்துக்காரர், பசவண்ணா. ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். ஆம்புலன்ஸ் வருவதற்குள் இறந்துவிட்டார்.

மறுநாள் மேலாளர் கௌசிக் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். அவளைவிட ஐந்து வயது சின்னவன். திரையைத் திருப்பிக் காட்டினான்.

"லாக் பாருங்க மதி. நீங்க ரெண்டாவதுன்னு தெளிவா சொல்லியிருக்கீங்க. அவர் நாலாவதுல போட்டிருக்கார். பேச்சு சுவாரஸ்யத்துல கை மாறியிருக்கு. அவரே ஒத்துக்கிட்டு கையெழுத்தும் போட்டுட்டார்."

"கையெழுத்தா?"

"நான் நாலுல போட்டுட்டேன், என் தப்புதான்னு. போலீஸ்கிட்டயும் அதேதான் சொல்லியிருக்கார்."

"கௌசிக், அந்த லீவர் எதோடயும் சேரலையே. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.

குரல் பிரிவுக்கு வருவதற்கு முன் அவள் வடிவமைப்புப் பிரிவில் இருந்தவள். அந்த லீவரைச் செய்த நாலு பேரில் அவளும் ஒருத்தி. இருக்கை எவ்வளவு குலுங்கினால் ஒரு பழைய டிரைவரின் கை திருப்திப்படும் என்று ஏழு மாதம் அளந்து பார்த்தவள். லீவரிலிருந்து போகும் கம்பிகள் இரண்டு. ஒன்று இருக்கையின் அடியில் இருக்கும் அதிர்வுப் பெட்டிக்கும் ஒலிபெருக்கிக்கும். இன்னொன்று, கை என்ன செய்தது என்று எழுதி வைக்கும் லாகுக்கு. மோட்டாருக்கு ஒன்றும் கிடையாது. நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் அப்போது நினைத்தாள். லீவர் வந்த பிறகு யாரும் காட்டுக்குள் நடந்து போகவில்லை.

"நாலாவதுல போட்டா என்ன, பத்தாவதுல போட்டா என்ன?" என்றாள். "வண்டிதான் சறுக்குச்சு. அந்த வளைவுல ஈரம் இருந்தா மோட்டார் அரை செகண்ட் லேட்டாப் புடிக்குது. என் ஆறு வண்டியில மட்டும் இந்த மாசம் மூணு தடவை எச்சரிக்கை மஞ்சக்கோடு வந்திருக்கு. நான் எழுதி அனுப்பினேன்."

"பார்த்தேன். சரி பண்ண எட்டு மாசம் கேக்கறாங்க." கௌசிக் குரலைத் தாழ்த்தினான். அவன் முகம் தூங்காதவன் முகமாக இருந்தது. "யோசிச்சுப் பாருங்க. மலையில மனுஷக் கட்டுப்பாடு இருக்கணும்ங்கறது சட்டம். லீவர் பொம்மைன்னு வெளிய வந்தா, ஆறு வருஷமா மனுஷன் இல்லாமத்தான் ஓடிச்சுன்னு ஆகும். அப்ப மலையில இருக்கற மூவாயிரத்து இருநூறு துணையாளுங்க எதுக்கு? எல்லாரையும் எறக்கி விட்டுடுவாங்க. அதுல பாதிப் பேருக்கு வீட்டுல யாரும் கிடையாது. உங்களுக்குத் தெரியாததா?"

"அர்த்தநாரி அண்ணா ஜெயிலுக்குப் போகணுமா?"

அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மதிவதனி மூன்று நாள் வேலைக்கு வந்தாள். அர்த்தநாரி இருந்த இடத்தில் வேறொரு லாரியைப் போட்டிருந்தார்கள். "ரெண்டாவது," "மூணாவது" என்று சொல்லும்போதெல்லாம் நாக்கில் கசந்தது. தான் ஒரு ஆளைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறார். இல்லை என்று சொல்ல அவளால் முடியும். சொன்னால், ஆறு வருடம் அவர் கையால் செய்ததெல்லாம் ஒன்றுமில்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எது பெரிய அடி என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் ஜாமீனில் ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று தெரிந்ததும், சனிக்கிழமை காலை திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினாள்.

மோளசியில் அவர் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஆளைக் கொன்ற லாரிக்காரர் வீடா என்று கேட்டுத்தான் வழி சொன்னார்கள். கதவைத் திறந்தவர் குள்ளமாக, வெள்ளை பனியனோடு இருந்தார். குரலை வைத்து அவள் மனதில் வரைந்திருந்த ஆள் நல்ல உயரம். "யாருங்க?" என்று கேட்டவர், அவள் "அண்ணா" என்றதும் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மிணியா?"

உள்ளே ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. அதில் அவளை உட்கார வைத்துவிட்டு, அவர் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். டீ போட எழுந்தார், பால் இல்லை என்று மறுபடி உட்கார்ந்தார். இருவருக்கும் எதிரெதிரே பேசத் தெரியவில்லை. நான்கு வருடம் காதுக்குள்ளேயே பேசியவர்கள், இப்போது கண்ணை எங்கே வைப்பது என்று தடுமாறினார்கள்.

கடைசியில் அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அண்ணா, நீங்க யாரையும் கொல்லல. அந்த லீவர் மோட்டாரோட சேரவே இல்ல. சும்மா சத்தம், குலுக்கல், அவ்வளவுதான். நீங்க எதுல போட்டிருந்தாலும் அது நடந்திருக்கும்."

நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. அவள் மேல் இரக்கம் மாதிரி ஒன்றுதான் இருந்தது.

"அது எனக்குத் தெரியுமுங் அம்மிணி."

"எப்ப இருந்து?"

"வந்து ரெண்டாம் மாசம். இருவத்தாறு வருசம் கியர் வண்டி ஓட்டுனவனுங்க நான். கீழ்க்கியர் புடிச்சா ஒடம்பு முன்னால போவணும். பாட்டல்ல இருக்கற தண்ணி முன்பக்கம் சாயணும். இதுல உறுமல் வருது, சீட்டு குலுங்குது, தண்ணி அப்படியே நிக்குது. ஒரு நாளு வேணும்னே மாத்திப் போட்டுப் பார்த்தேன். வண்டி அது பாட்டுக்குப் போச்சு."

"அப்புறம் ஏன் தினமும் போட்டீங்க?"

அவர் கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டார். "நீங்க சொல்றீங்கல்ல. ரெண்டாவது போடுங்க அண்ணான்னு காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் தொண்டை நோவச் சொல்றீங்க. அது ஒண்ணுமில்லாத வேலைன்னு தெரிஞ்சா உங்க மனசு என்னாவும்? புள்ளைக்குத் தெரியாமயே இருக்கட்டும்னு போட்டுட்டே இருந்தேன்."

"அண்ணா, அந்த லீவரச் செஞ்சதே நான்தான்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. வெளியே யாரோ டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

"அப்ப ஏன் கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"பொம்மைன்னு சொன்னா மத்தவங்க கதி? அவங்கெல்லாம் நெசம்னு நம்பிட்டிருக்கறானுங்க. இத்தன வருசமா மலையில வண்டியப் புடிச்சு எறக்கறோம்னு ஒரு நெனப்பு. அதையும் புடுங்கோணுமா? எனக்குப் பின்னால அழறதுக்கு ஒருத்தரும் இல்ல. உள்ள போயி இருந்துட்டு வந்தாத்தான் என்ன. மழை, சறுக்கிருச்சு, விதி. யார் மேலயாச்சும் போட்டுத்தானே ஆவணும்."

"மழை இல்லண்ணா. வண்டியிலதான் கோளாறு. அந்த வளைவுல ஈரத்துல மோட்டார் லேட்டாப் புடிக்குது. நீங்க ஒத்துக்கிட்டதால அதை யாரும் தொடல. இன்னைக்கும் அதே இடத்துல நூறு வண்டி எறங்குது."

அவர் முகம் மாறியது. அதை அவர் யோசித்திருக்கவில்லை. எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் பார்த்தபடி நின்றார். ரோட்டில் ஒரு பஸ் நின்று, ஆள் இறக்கி, கிளம்பிப் போகிற வரைக்கும் நின்றார்.

"அப்படின்னா சொல்லிப்போடுங்க," என்றார். "எல்லாத்தையும் சொல்லிப்போடுங்க."

விபத்தைப் பற்றி அரசு அமைத்த விசாரணை ஈரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை. மலைப்பாதைத் துணையாட்கள் நூற்றைம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அர்த்தநாரிக்கு ஆதரவாக வந்தவர்கள் சிலர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பலர். யாரும் யாரோடும் அதிகம் பேசவில்லை. ஆறு வருடமாக ஒவ்வொருவரும் தனித்தனி வண்டியில் உட்கார்ந்திருந்தவர்கள், பக்கத்து நாற்காலியை ஒன்று காலியாக விட்டே உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் பசவண்ணாவின் மனைவி மாதேவம்மா இருந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கண்ணை எடுக்காமல் அர்த்தநாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதிவதனியின் முறை வந்தது. ஒலிபெருக்கியில் தன் குரல் அத்தனை பெரிதாக வருவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. லீவரை யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள், எத்தனை கம்பி, எது எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஈரத்தில் மோட்டார் தாமதிக்கும் கணக்குகளைக் கொடுத்தாள். கடைசியில், "மலையில் இந்த ஆறு வருடமாக எந்தத் துணையாளும் எந்த வண்டியையும் ஓட்டவில்லை," என்றாள்.

சொல்லிவிட்டு, மண்டபத்தில் எழப்போகும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அந்தச் சத்தத்தை நினைத்துத்தான் இரண்டு வாரமாக அவளுக்குத் தூக்கமில்லை.

சத்தமே எழவில்லை. நூற்றைம்பது பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் கையைப் பார்த்தார்கள். அதிர்ந்துபோனவர் என்று ஒருவர்கூட இல்லை. அவளுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் நடுவரிசையில் ஒரு நரைத்த மீசைக்காரர், ஒரு நாற்காலி தள்ளி இருந்தவரிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"உமக்குத் தெரியுமாவே?"

"மூணாம் மாசமே. நீங்க?"

"மொத வாரம். ஒங்களுக்கெல்லாம் தெரியாதுன்னுல்லா இருந்தேன். வெளிய சொன்னா அத்தன பேரு மனசும் விட்டுப்போகும்னு வீட்டுல கூடச் சொல்லல."

அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவர் தலையாட்டினார். வரிசை வரிசையாக அது பரவியது. ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்தார், அடுத்தவர் பார்வையைத் தாழ்த்தினார். தனக்கு மட்டும் தெரிந்ததாக நினைத்து, மற்றவர்கள் உடைந்துபோகக் கூடாதென்று, ஒவ்வொரு ஆளும் மலை இறங்கும்போதெல்லாம் ஒழுங்காகக் கிளச்சை மிதித்து லீவரைத் தள்ளியிருக்கிறார். மதிவதனி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போது மாதேவம்மா எழுந்தாள். அவளைப் பேசச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

"அப்ப அந்த வண்டிய யாருமே ஓட்டலையா?"

"இல்லைம்மா," என்றாள் மதிவதனி.

"ஒண்ணரை மாசமா தெனமும் இந்த ஆளப் பேரு சொல்லித் திட்டறேன். வெளக்கு வெச்சாத் திட்டறேன், மாட்டுக்குத் தண்ணி காட்டுனாத் திட்டறேன்." அவள் அழவில்லை. குழம்பிப்போன முகமாக இருந்தாள். "இனி நான் யாரைத் திட்டறது?"

கம்பெனி வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார்.

அர்த்தநாரி எழுந்து, நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார். அவளுக்கு எதிரே நின்றார்.

"என்னையே திட்டுங்க தாயி. நான் ஓட்டல. ஆனா நான்தான் அங்க இருந்தேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் திட்டவில்லை. வேறு குரலில் கேட்டாள்.

"அவர் ஏதாச்சும் சொன்னாரா?"

"சொன்னாருங்க. தலைய மடியில வெச்சுட்டிருந்தேன். தண்ணி கேட்டாரு, என்ற பாட்டல்ல இருந்து குடுத்தேன். வலிக்குதுன்னு ஒரு தடவகூடச் சொல்லல. தலமலையில ஒரு மாடு கன்னு போட முடியாமக் கெடக்குது, நான் வரமாட்டேன்னு யாராச்சும் போன் பண்ணிச் சொல்லுங்கன்னாரு. நம்பரும் சொன்னாரு. பண்ணிச் சொன்னேனுங்க."

மாதேவம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். "அது கன்னு போட்டுச்சா?"

"போட்டுச்சுங்க. மறுநாளு விசாரிச்சேன். கெடாரிக் கன்னு."

அப்போதுதான் அவள் அழுதாள். அர்த்தநாரி அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கேட்கக் கேட்க அந்த நாற்பது நிமிடத்தை ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். விசாரணையை அரை மணி ஒத்திவைத்தார்கள். மதிவதனி பின்வாசல் வழியாக வெளியே வந்து, பாத்திரம் கழுவும் இடத்தருகே தனியாக நின்றாள்.

தீர்ப்பு வர மூன்று வாரம் ஆனது. அர்த்தநாரி மேல் குற்றமில்லை. மோட்டாரைச் சரி செய்ய வேண்டும், அதுவரை திம்பத்தில் வண்டி இறங்கக் கூடாது என்று உத்தரவு. எட்டு மாத வேலையைக் கம்பெனி ஐந்து வாரத்தில் முடித்தது. கௌசிக் சொன்னபடியே, மனிதக் கட்டுப்பாடு ஒருபோதும் இருந்ததில்லை என்பதால் இனித் தேவையும் இல்லை என்று சட்டத்தைத் திருத்தினார்கள். லாரிகளிலிருந்து லீவரை எடுத்தார்கள், கிளச்சை எடுத்தார்கள், பிறகு இருக்கையையும் எடுத்துவிட்டு அந்த இடத்திலும் சரக்கு ஏற்றினார்கள். ஓசூரில் இரண்டாம் மாடியைக் காலி செய்தார்கள். மதிவதனிக்கு வேறு ஊரில் வேறு வேலை கிடைத்தது. அதில் யாரோடும் பேச வேண்டியிருக்கவில்லை.

இப்போது அந்த மலையில் வண்டிகள் அதிகம் சறுக்குவதில்லை. எப்போதாவது ஒன்று சறுக்கினால், கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அடிபட்டவரிடம் ஓட உள்ளே ஆள் இல்லை.